மலை பஸ்ஸில் கண்ணை மூடியது

கள்ளக்குறிச்சி,
செவ்வாய், 10-2-1998

கர்த்தருக்குள் அன்பான அண்ணன் தேவநேசன் அவர்களுக்கு,

தங்கை கிருபாவதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எனக்குச் சளியைத் தவிர வேறு குறையில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து நடந்து அண்ணியின் முழங்கால் வீங்காமல் இருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை போனில், "எனக்காக ஜெபிக்கிறியாம்மா?" என்று கேட்டீர்கள். அதற்கு உண்மையான பதில் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. "தினமும்" என்று சொல்லிவிட்டேன். என் ஜெபத்தில் உங்கள் பெயர் தினமும் வரத்தான் செய்கிறது, வீட்டுக்குப் பால்காரர் வருவதுபோல. வருகிறார், ஊற்றுகிறார், போகிறார். நான் முகத்தைப் பார்ப்பதில்லை. இதற்குப் பெயர் ஜெபமா? நாளை பதினோரு மணிக்கு உங்கள் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள். அதற்குள் அந்தத் "தினமும்" என்ற சொல்லை ஒரு நாளுக்காவது உண்மையாக்கிவிடுவது என்று தீர்மானித்தேன். இந்தக் கடிதம் புதுச்சேரி வந்து சேரும்போது உங்களுக்குத் தையல் போட்டிருப்பார்கள். சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் மீதியைப் பிறகு படியுங்கள்.

நேற்று விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து முழங்கால் போட்டேன். "இரக்கமும் கிருபையும் நிறைந்த" என்று வாய் கிளம்பிவிட்டது. அதற்குப் பாதை மனப்பாடம், ஓட்டுநர் தேவையில்லை. ஓட்டுநரான நான் அடுப்பில் பால் பொங்குகிறதா, ஆய்வகத்தில் பேட்டரி சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமென் சொல்லி எழுந்த பிறகுதான், நாட்டை ஆள்கிறவர்களுக்கும் கடல் கடந்த ஊழியர்களுக்கும் வேண்டிக்கொண்டு உங்களை விட்டுவிட்டது தெரிந்தது. என் ஜெபத்துக்கு அன்று பார்த்துப் பால்காரர் வரவில்லை. சரி, வாயை நம்பக் கூடாது என்று சாயங்காலம் நோட்டை எடுத்து, பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதுபோல் எழுதினேன். நோக்கம்: அண்ணன் பிழைக்க வேண்டும். தேவையான பொருள்கள்: உண்மை. செய்முறைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஏனென்றால் உண்மையைச் சொல்லத் தொடங்கினால் முதலில் வருவது, "ஆண்டவரே, எனக்கு இவர்மேல் கோபம்" என்பதுதான். என் வீட்டுக்காரரை அடக்கம் செய்த அன்று நீங்கள் இருபத்திரண்டு நிமிடம் ஜெபித்தீர்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இயற்பியல் படித்த பாவம். வந்தவர்களெல்லாம் உருகி அழுதார்கள். நீங்களோ, மறுநாள் சபைக் கமிட்டி என்று சொல்லி நாலு மணி பஸ்ஸைப் பிடித்தீர்கள். என் பக்கத்தில் ஒரு வாய் காப்பி குடிக்கக்கூட உட்காரவில்லை. ஆறு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை, ஆண்டவரிடமும்.

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் போகிற மலை பஸ்ஸில் கடைசி முயற்சி. வார்த்தையே வேண்டாம், கண்ணை மூடி உங்கள் முகத்தை மட்டும் நினைப்பது என்று முடிவு செய்தேன். பக்கத்து இருக்கையில், மேலே சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகிற இருசம்மாள். அணையைத் தாண்டி வளைவுகள் தொடங்கின. உங்கள் முகம் மெல்லத் தெரிய ஆரம்பித்த நேரம், மூக்கில் ஒரு எலுமிச்சம்பழம் வந்து அழுந்தியது.

"இன்னா டீச்சரம்மா, கொமட்டுதா? நல்லா மோந்துக்கினு குந்துங்க."

தீர்மானம் தீர்மானம்தானே? நான் கண்ணைத் திறக்கவில்லை.

"ஐயோ, பேச்சு மூச்சு இல்லாம கீறாங்க! யோவ் கண்டக்டரு, வண்டிய நிறுத்து!"

விசில் கேட்டது. நாலாவது வளைவில் பஸ் நின்றது. யாரோ என் முகத்தில் அரை பாட்டில் தண்ணீரை அடித்தார்கள். கண்டக்டர் பூமாலை குனிந்து, "எறங்கி ஓரமா எடுத்துட்டு வந்துடுங்க டீச்சர், வண்டி நிக்கும்" என்றார்.

"எனக்கு வாந்தி வரலைங்க."

"வெக்கப்படாதீங்க. போன வாரம் ஒரு போலீஸ்காரரே எடுத்தாரு."

வேறு வழியில்லாமல், "ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்" என்றேன். கோயிலுக்கு வெளியே அந்த வார்த்தையை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் ஐம்பது பேருக்கு முன்னால், முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட.

"ஆருக்கு?" என்றார் இருசம்மாள்.

"அண்ணனுக்கு. நாளைக்கு பாண்டியில நெஞ்சு ஆபரேஷன்."

"நாளைக்கா? அப்பறம் இன்னாத்துக்கு மேல போய்க்கினு கீறீங்க? பாண்டி பஸ்ஸு அந்தாண்ட போவுது!"

செய்முறைத் தேர்வு நடக்கிறது, நான் இல்லாமல் முடியாது, ஜெபத்துக்குத் தூரம் கிடையாது, எங்கிருந்தும் செய்யலாம் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் கருவாட்டுக் கூடையை மடியில் ஏற்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"செரிதாம்மா. இங்கேர்ந்து சொன்னா சாமிக்குக் கேக்கும். ஒங்க அண்ணனுக்குக் கேக்குமா?"

வேதம் படிக்காதவர் பேச்சு. பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆகவே என் முடிவைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். நான் வரப்போவதில்லை. நாளை பதினோரு மணிக்கு ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு, என் சொந்த வார்த்தைகளில், கோபத்தையும் மறைக்காமல், ஐந்து நிமிடம் உங்களுக்காக ஜெபிப்பேன். நான் ஒன்றைத் தீர்மானித்தால் மாற்றுகிறவள் அல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் மூச்சைக் கொடுத்தவர் அதைச் சீராக வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
கிருபாவதி

பி.கு.: புதன், மாலை நாலேகால். மேலே எழுதிய முடிவை அடித்துவிட்டுப் படிக்கவும். கடிதம் தபாலுக்குப் போகவில்லை, கைப்பையில் வந்துவிட்டது. காலையில் பஸ் நிலையத்தில் பூமாலை, "எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன், ஏறுங்க டீச்சர்" என்றார். அவரிடம் தலைமையாசிரியருக்கு ஒரு விடுப்புச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பாண்டி பஸ்ஸில் ஏறினேன். வந்து சேர்ந்தபோது உங்களை உள்ளே கொண்டுபோகப் பத்து நிமிடம் இருந்தது. "ஜெபி" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். தயாரித்து வைத்த சொந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. "எனக்கு ஒம்மேல கோவம்ண்ணே. எழுந்து வந்து இன்னான்னு கேளு" என்றேன். உன்னிடம் சொன்னேனா, ஆண்டவரிடம் சொன்னேனா, எனக்கே தெரியாது. நீ "ஆமென்" என்றாய். இரண்டரை மணிக்கு டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். அண்ணி அழுதார், நான் இரண்டு காப்பி வாங்கிவந்தேன். நாலு மணி பஸ் போய்விட்டது. நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.