முனிரத்தினம் எப்போ பழசாவார்?

சனிக்கிழமை காலையில எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஓசூர்ல இருந்து சைக்கிள்ல பாகலூர் போகணும். முனிரத்தினம் குடும்பம் ஏன் மூணு வாரமா சர்ச்சுக்கு வரலைன்னு விசாரிக்கணும். நாளைக்குக் கண்டிப்பா வாங்கன்னு சொல்லிட்டுத் திரும்பணும். அவ்வளவுதான்!

என்னை அனுப்பினவர் எங்க போதகர். நான் ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயித்துக்கிழமையில சர்ச் வாசல்ல நின்னு புதுசா வர்றவங்களை வரவேற்கற பொறுப்பும் எனக்குத்தான். அதுல எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

போதகர் முகம் வாடிக் கிடந்தது. சேலத்துல இருந்து பெரிய போதகர் கடுதாசி போட்டிருந்தார். உங்க சபையில புது ஆட்கள் யாரும் தங்கறதில்ல. இப்படியே போனா உங்களை வேற ஊருக்கு மாத்திட்டு, ஓசூருக்கு மாசம் ஒரு ஆராதனை போதும்னு வச்சுடுவோம். ஒரு நாள் நேர்லயே வந்து பார்க்கிறேன். இதுதான் கடுதாசி. எந்த நாள்னு மட்டும் எழுதல.

அந்த வருஷம் எங்களுக்குக் கிடைச்ச ஒரே புதுக் குடும்பம் முனிரத்தினம் குடும்பம்தான்.

"என் பிரசங்கம் ரொம்ப நீளமோ?"ன்னு போதகர் பாவமாக் கேட்டார்.

"இருக்கலாம் ஐயா"ன்னேன். பழி நம்ம மேல விழாத வரைக்கும் சரி!

மேட்டுல சைக்கிளை நான் தள்ளினேன், பள்ளத்துல அது என்னைத் தள்ளிக்கிட்டுப் போச்சு. பாகலூர் போய்ச் சேரும்போது வெள்ளை வேட்டி செம்மண் நிறமாகியிருந்தது. முனிரத்தினம் களத்துல கேழ்வரகு காயப்போட்டுக்கிட்டிருந்தார். அவர் சம்சாரம் லட்சுமம்மா கன்னடத்துக்காரங்க.

"பன்னி மேஷ்ட்ரே!"ன்னு, அதாவது வாங்க வாத்தியாரேன்னு, சிரிச்ச முகமா வரவேற்று, பாயை விரிச்சாங்க.

நான் விஷயத்தை ஆரம்பிக்கறதுக்குள்ள முனிரத்தினம் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டார். "வந்தது வந்தீங்க. நம்ம தெருவுல நாலு வூட்டப் பாத்துட்டு வந்துரலாம் வாங்க வாத்தியாரே."

எனக்குத் தலைகால் புரியல. இவரைக் கூப்பிட வந்தா, தெருவையே கூட்டிக்கிட்டு வருவார் போலிருக்கே! சேலத்துக்குப் பதில் கடுதாசி எப்படி எழுதறதுன்னு நடந்துக்கிட்டே யோசிச்சேன்.

முதல் வீட்டுல போய் உட்கார்ந்தோம். முனிரத்தினம் அந்த வீட்டுப் பெரியவர் நாராயணப்பாகிட்ட தெலுங்குல ஏதோ சொல்லிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"எந்திரிச்சு நில்லுங்க வாத்தியாரே. பேரு, ஊரு, என்னா வேலைன்னு சொல்லுங்க."

நின்னேன். சொன்னேன். வீட்டுல இருந்த அத்தனை பேரும் என்னை மேலும் கீழும் பார்த்தாங்க.

"கல்யாணம் ஆயிருச்சா?"ன்னார் நாராயணப்பா.

"இல்லீங்க."

"ஏன்?"

நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்னு சொல்ல முடியுமா? பல்லைக் காட்டினேன்.

"சரி, ஒரு பாட்டுப் பாடுங்க"ன்னார் முனிரத்தினம்.

பாடினேன். கொட்டகையில இருந்த எருமை எழுந்து அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு.

ரெண்டாவது வீட்டுல கன்னடத்துல அறிமுகம். எந்திரிச்சேன், சொன்னேன், பாடினேன். மூணாவது வீட்டுலயும் அதே கதை. நாலாவது வீட்டுக்காரங்க, "இப்பத்தான் கேட்டோம், பாட்டு வேண்டாம்"னு கும்பிட்டாங்க. அஞ்சாவது வீட்டுக்குள்ள நுழைஞ்சா, அங்க நம்ம நாராயணப்பா உட்கார்ந்து வெத்தலை போட்டுக்கிட்டிருக்கார்!

"எந்திரிச்சு நில்லுங்க வாத்தியாரே. பேரு, ஊரு..."

எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்தது. "இவருக்குத்தான் காலையிலயே சொல்லியாச்சே! எத்தனை தடவைங்க நிக்கறது? நான் என்ன சந்தைக்கு வந்த மாடா?"

முனிரத்தினம் சிரிக்கவே இல்ல.

"அஞ்சு வூடுதான் ஆச்சு வாத்தியாரே. நாங்க ஒம்போது வாரம் நின்னோம்."

அப்பத்தான் எனக்கு உறைச்சது.

ஒவ்வொரு ஞாயிறும் அறிவிப்பு நேரத்துல, "புதிதாய் வந்திருக்கும் சகோதரர் குடும்பம் எழுந்து நிற்கவும்!"னு கணீர்னு கூப்பிடறது யாரு? நான். பேர், ஊர், வேலை, ஒரு பாட்டு, அப்புறம் எல்லாரும் கைதட்டணும். இந்த வரிசையைப் போட்டது யாரு? நானேதான். வேற புது ஆள் வரல. இவங்களையும் விட்டா நான் யாரை வரவேற்கறது? முனிரத்தினத்துக்குத் தெரிஞ்சது ஒரே பாட்டு. ஒன்பதாவது வாரம் அவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே சபையே அதைப் பாடிடுச்சு.

வீட்டுக்குத் திரும்பினதும் லட்சுமம்மா மோர் கொடுத்தாங்க. "நான் இவுர கேட்டேன் மேஷ்ட்ரே. நாம எப்போ பழசாவோம்னு. இவுருக்கும் தெரியல."

கேலியா கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. நிஜமாவே கேட்டாங்க. எனக்கு வெட்கமாப் போச்சு.

"நாளைக்கு வாங்க. யாரும் நிக்க வேண்டாம், பாட வேண்டாம்"னேன். அதோட விட்டிருக்கலாம். என் வாய் விடுமா? "இனிமே வரவேற்பே உங்க பொறுப்பு. வாசல்ல நீங்கதான் நிக்கணும்!"

"நானா?"

"நீங்கதான்."

ஞாயித்துக்கிழமை முனிரத்தினம் எனக்கு முன்னாடி வந்து வாசல்ல நின்னுக்கிட்டிருந்தார். வெள்ளைத் தலைப்பாகை வேற. லட்சுமம்மா பெண்கள் பக்கம் நடுப் பாய்ல சொந்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்தாங்க. போதகர் பிரசங்கத்தைப் பாதியா வெட்டியிருந்தார். எனக்கு மனசாட்சி குத்தினது. சபை முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் குத்தறதை நிறுத்திக்கிச்சு.

அறிவிப்பு நேரம் வந்தது. வாழ்க்கையில முதல் தடவையா நான் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஒரு நிமிசமுங்க!"

பின்னாடி இருந்து முனிரத்தினம் குரல். "புதுசா ஒருத்தர் வந்திருக்காருங்க. ஐயா, எந்திரிச்சு நில்லுங்க. பேரு, ஊரு, வேலை சொல்லுங்க."

திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில, மடியில குடையோட, வயசான ஒருத்தர் தயங்கித் தயங்கி எழுந்தார். பிரசங்க மேடையில எங்க போதகர் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டார்.

வந்தவர் பேரைச் சொன்னார். "ஊர் சேலம். போதகர் வேலை."

"எங்க ஐயாவுக்கும் அதே வேலைதான்"னு தைரியம் சொன்னார் முனிரத்தினம். "ஒரு பாட்டுப் பாடுங்க."

பெரிய போதகர் பாடினார். சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். சபை கைதட்டினது. நான் கண்ணை மூடிக்கிட்டு ஜெபம் பண்ணினேன். அன்னிக்கு மாதிரி மனசு ஒன்றி என்னிக்கும் பண்ணினதில்ல.

ஆராதனை முடிஞ்சதும் பெரிய போதகர் குடையை ஊன்றிக்கிட்டு முனிரத்தினத்துக்கிட்ட வந்தார்.

"தம்பி, புதுசா வர்றவங்க எல்லாருக்கும் இப்படித்தானா?"

"எல்லாருக்கும்தானுங்க. ஒம்போது வாரம் நிக்கணும். அப்பறம் பழசாயிருவீங்க. உங்களுக்கு இன்னும் எட்டு வாரம் பாக்கி."

அந்த எட்டு வாரத்துக்குப் பயந்தோ என்னவோ, எங்க போதகரை மாத்தற பேச்சை அதுக்கப்புறம் சேலம் எடுக்கவே இல்ல.