இடது கண்ணு மட்டும் பெருசான நாள்

போன மாசம் ஒரு திங்கட்கிழமை. அன்னைக்குக் காலைல எனக்கு இருந்த கூடுதல் வேலை ஒண்ணே ஒண்ணு. பாப்பா கண்ணுல ஆயின்மெண்ட் வைக்கணும்.

பாப்பாவுக்கு ஆறு வயசு. ஸ்கூல்ல போர்டு தெரியலைன்னு சொன்னா. கண் டாக்டர்கிட்ட காட்டினோம். "மூணு நாளைக்கு இதை ரெண்டு கண்ணுலயும் வைங்க. கண்மணி நல்லா விரியும். அப்புறம் கூட்டிட்டு வாங்க, பவர் பாத்துடலாம்"னு சொல்லி ஒரு டியூப் எழுதிக் குடுத்தாரு.

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் என் வீட்டுக்காரம்மா செல்வி வச்சா. ஒரு பிரச்சனையும் இல்ல. திங்கட்கிழமை அவ கத்திரிக்கா பொரியலுக்கு மிளகாத்தூள் பிசறிட்டு இருந்தா.

"ஏங்க, என் கையெல்லாம் காரம். இன்னைக்கு நீங்க வச்சுடுங்க. கையக் கழுவிட்டு வைங்க!"

கழுவினேன். சோப்பு போட்டுக் கழுவினேன். அதுல எந்தக் குறையும் சொல்ல முடியாது.

அரிசி அளவு வச்சா போதுமாம். நான் அமுக்கினதுல பல்லு விளக்கற அளவுக்கு வந்துச்சு. பாப்பா வேற நெளியறா. "அப்பா, நீ வச்சா பயமா இருக்கு!" பாதி அவ கண்ணுல, மீதி என் விரல்ல. அதுக்குள்ள கீழ கம்பெனி பஸ் ஹாரன் அடிச்சிட்டான். டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு ஓடினேன்.

பஸ்ல இடது கண்ணு லேசா அரிச்சுது. நல்லா தேய்ச்சு விட்டேன். ஆஹா, என்னா சொகம்!

எனக்கு ஓசூர்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டி செக்கிங் வேலை. வெர்னியர்னு ஒரு நுணுக்கமான அளவுகோல் வச்சு பீஸ் அளக்கணும். அன்னைக்கு முதல் பீஸ் எடுத்தேன். கோடெல்லாம் மங்கலா இருந்துச்சு. ரிஜெக்ட். ரெண்டாவது, மூணாவது, எல்லாமே மங்கல். எல்லாமே ரிஜெக்ட்! மேல எரியற டியூப்லைட் வேற உச்சி வெயில் மாதிரி கூசுது.

டீ டைம்ல சூப்பர்வைசர் முனிராஜ் அண்ணன் வந்தாரு.

"என்னா சிவா, பூரா ட்ரேவும் ரிஜெக்ட்டா? மிஷின் என்ன ஆச்சு?"

"தெரியலண்ணா. எல்லாமே ஒரு மாதிரி இருக்கு."

என் மூஞ்சியைப் பாத்தாரு. கிட்ட வந்து பாத்தாரு. அவர் மூஞ்சி மாறிடுச்சு.

"மிஷினை விடு. நீ வா!"

ஃபர்ஸ்ட் எய்டு ரூம்ல இருந்த சிஸ்டர் கன்னடக்காரங்க. டார்ச் அடிச்சுப் பாத்துட்டு கத்திட்டாங்க.

"ஐயோ தேவரே! ஒந்து கண்ணு தொட்டது!"

நான் ஊத்தங்கரைக்காரன். ஓசூர் வந்து நாலு வருஷமாச்சு, கன்னடம் மட்டும் இன்னும் வரல.

"சத்தியமா நான் எதையும் தொடல சிஸ்டர்!"

"டேய், ஒந்து கண்ணு தொட்டதுன்னா கன்னடத்துல ஒரு கண்ணு பெருசுன்னு அர்த்தம்டா"ன்னாரு முனிராஜ் அண்ணன். "உன் இடது கண்மணி பெருசா இருக்கு. வலது சின்னதா இருக்கு."

அப்பதான் கண்ணாடில பாத்தேன். வலது கண்ணு வழக்கம் போல. இடது கண்ணுல கறுப்பு மட்டும்தான் இருக்கு!

"மூளைல ஏதாவது இருந்தாலும் இப்படி ஆகும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு சிஸ்டர் முனிராஜ் அண்ணன் காதுல, இந்தத் தடவை தமிழ்ல சொன்னாங்க. எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாவே கேக்குது.

எங்க பெரியப்பா இப்படித்தான் நல்லா பேசிட்டு இருந்தவரு, வாய் கோணி விழுந்தாரு. ஆம்புலன்ஸ்ல படுத்துக்கிட்டு அதையே நினைச்சேன். பாப்பா மூஞ்சி வந்துச்சு. கட்டாத வீட்டு லோன் கூட வரல, அவ மூஞ்சிதான் வந்துச்சு.

முனிராஜ் அண்ணனுக்கு பக்கவாதம் பத்தி எங்கயோ கேட்ட ஞாபகம். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் வைக்கறாரு.

"சிரி சிவா! பல்லு தெரிய சிரி! ரெண்டு கையும் தூக்கு!"

சிக்னல்ல வண்டி நின்னுச்சு. பக்கத்துல கிருஷ்ணகிரி பஸ். அங்க இருந்து பாத்தா, ஆம்புலன்ஸ் ஜன்னல்ல ஒருத்தன் எழுந்து உக்காந்து ரெண்டு கையும் தூக்கிட்டு பல்லைக் காட்டறான். பஸ்ல இருந்த அம்மா ஒருத்தங்க பதிலுக்கு டாட்டா காட்டினாங்க.

ஆஸ்பத்திரில டாக்டரம்மா கேட்டாங்க. "மருந்து ஏதாவது எடுத்தீங்களா?"

"ஒரு மாத்திரை கூட போடல மேடம்."

"கண்ணுல ஏதாவது விட்டீங்களா?"

"நான் எதுவும் விடல மேடம்."

அப்ப செல்வி போன் பண்ணினா. விஷயம் அவளுக்குப் போயிடுச்சு. அழுதுட்டே பேசறா. முனிராஜ் அண்ணன் ஸ்பீக்கர்ல போட்டாரு.

"எப்படிங்க இருக்கு கண்ணு?"

"கறுப்பு மட்டும் பெருசா இருக்கு செல்வி. பாப்பா கண்ணு மாதிரியே."

அழுகை டக்குன்னு நின்னுச்சு.

"ஏங்க... காலைல கை கழுவினீங்களா?"

"கழுவினேனே!"

"வச்ச பிறகு?"

ரூம்ல இருந்த எல்லாரும் என் கையைப் பாத்தாங்க. நானும் பாத்தேன்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிட்டு விளக்கினாங்க. "கை கால் அசைக்கற நரம்பு நாம சொன்னா கேக்கும். இதயத்துடிப்பு, எச்சில், குடல், கண்மணி இதெல்லாம் பாத்துக்க வேற நரம்பு இருக்கு. அது நம்மளக் கேக்காது, தானா வேலை செய்யும். வெளிச்சம் பட்டா கண்மணியைச் சுருக்குன்னு அது சிக்னல் அனுப்பும். அந்த சிக்னலை இந்த ஆயின்மெண்ட் தடுத்துடும்."

முனிராஜ் அண்ணன் தலையாட்டினாரு. "அப்ப மோட்டார் நல்லா இருக்கு. ஒயர்தான் கட்."

"இருந்தாலும் உறுதி பண்ணிக்கலாம்"னு ஒரு சொட்டு மருந்து விட்டாங்க. "இது கண்மணியைச் சுருக்கற மருந்து. நரம்புல கோளாறுன்னா இதுக்குச் சுருங்கிடும். ஆயின்மெண்ட் வேலைன்னா அசையாது."

"அப்ப சுருங்கக் கூடாதா மேடம்?"

"கூடாது."

முக்கால் மணி நேரம். போட்ட மருந்து வேலை செய்யக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில உக்காந்து வேண்டிக்கிட்ட ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன். முனிராஜ் அண்ணன் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை டார்ச் அடிச்சு, "அசையல சிவா, அசையல!"ன்னு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிட்டு இருந்தாரு.

கடைசி வரைக்கும் அசையல.

"ஒண்ணும் இல்ல. தானா சரியாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை பைக் ஓட்டாதீங்க, வெயில்ல கூலிங் கிளாஸ் போடுங்க"ன்னாங்க டாக்டரம்மா.

செல்வி மூச்சிரைக்க ஓடி வந்தா. என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் அதே கையை இழுத்துட்டுப் போய் ஆஸ்பத்திரி வாஷ் பேசின்ல நிக்க வச்சா.

மறுநாள் பாப்பாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவளுக்கு ஒரு கூலிங் கிளாஸ், எனக்கு ஒரு கூலிங் கிளாஸ். வரவேற்புல இருந்த பொண்ணு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு.

"ரெண்டு பேர்ல யாருக்குங்க கண்ணுல பிரச்சனை?"

பாப்பா முந்திக்கிட்டா.

"எனக்குத்தான் ஆன்ட்டி. அப்பாவுக்கு கைலதான் பிரச்சனை."