வென்றால் உலகக் கிண்ணம், தோற்றால் கிளாக்கர்

கோட்டோர மனேஜர் என்றொரு இனம் உண்டு. உதைபந்தாட்ட மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே நின்று வளரும். பந்து அதன் காலில் பட்டிருக்காது. பட்டிருந்தாலும் வெளியே போன பந்தை எடுத்துக் கொடுத்த நேரமாக இருக்கும். ஆனால் உள்ளே ஓடுகிற பதினொரு பேரில் யாரை எங்கே நிறுத்த வேண்டும், யாரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், நடுவருக்கு எந்தக் கண் பழுது என்பதெல்லாம் அதற்குப் பிறவியிலேயே தெரியும்.

இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் தமிழ்க் கழகத்துக்கு ஆடுகிறவர்கள் பதினொரு பேர். கோட்டோர மனேஜர்கள் நாற்பது பேர். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? கிழமை முழுவதும் சிஞ்ஞோராமாரின் வீடுகளில் வேலைக்கு நின்று 'சி, சிஞ்ஞோரா', அதாவது 'ஓம், அம்மா' என்று தலையாட்டிவிட்டு, வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டும் தலை நிமிர்கிற மனிதன் வேறு எங்கே போய் உத்தரவு போடுவான்?

இந்த நாற்பதிலும் முதல் தரம் எங்கள் சோதிலிங்கம் அண்ணை. ஒரே சிஞ்ஞோரா வீட்டில் எட்டு வருடம் வேலை செய்தவர், இத்தாலியன் தடங்கலில்லாமல் பேசுவார். எனக்கு வேலை எடுத்துத் தந்தவரும் அவர்தான். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு முடிவில் எங்களுக்கு ஒரு கொரியர் கிடைத்தார். பெயர் ஹான். அவருடைய மனைவி பலெர்மோவுக்குப் பாட்டுப் படிக்க வந்தவர். ஹான் கூட வந்தவர். அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் ஆட்கள் குடியிருந்த கட்டடத்திலேயே மேல்மாடியில் இருந்தார்கள். ஒரு வியாழன் ஒரேத்தோ ஆற்றுப் பக்கத்து மண் மைதானத்தில் எங்கள் பயிற்சியை வேடிக்கை பார்க்க வந்தவர், அரை மணி நேரம் பார்த்தார், அதற்கு மேல் பொறுக்க முடியாமல் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இறங்கினார். அடுத்த வியாழன் அவர் எங்கள் மனேஜர்.

அவருக்குத் தெரிந்த இத்தாலியனில் முக்கால்வாசி 'பியானோ, பியானோ'. மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். மிச்சத்தைக் கையால் சொல்வார். அப்படித்தான் பல வியாழன்களில் கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய கதையைத் தெரிந்துகொண்டேன். அவர் ஆடியது ஒரு வங்கியின் அணிக்கு. அங்கே கம்பனிகள் அணி வைத்திருக்குமாம். காலையில் கவுண்டரில் நின்று வேலை, பின்னேரம் மைதானம். அப்படிப் பதினொரு வருடம், வலது பக்கப் பின்காப்பு. முழங்கால் போனதும் வங்கி அவருக்கு நிரந்தர உத்தியோகம் கொடுத்தது. அதை விட்டுவிட்டு ஒரு பெண்கள் பள்ளி அணிக்கு மனேஜராகப் போனார். பிறகு ஒரு சின்னக் கழகம். அங்கே ஒரு வருடம் கிண்ணம், மறு வருடம் வேலை நீக்கம்.

இதை நான் சொன்னபோது சோதிலிங்கம் அண்ணை ஒன்றுதான் கேட்டார்.

"பாங்கிலை நிரந்தர உத்தியோகத்தை விட்டவரோ?"

அந்தக் கேள்வியில் யாழ்ப்பாணம் முழுவதும் இருந்தது.

ஆனாலும் நாங்கள் மூன்று ஞாயிறு தொடர்ந்து வென்றோம். உடனே ஹானின் வாழ்க்கை வரலாறு நீளத் தொடங்கியது. சந்தையில் மீன் வாங்கும்போது அவர் தேசிய அணியில் மேலதிக வீரராக இருந்தார். கோயில் வாசலுக்கு வருவதற்குள் அணித் தலைவராகிவிட்டார். பிரான்காச்சோ பஸ்ஸில் ஏறியதும், "உவர் ஆரெண்டு தெரியுமே? உலகக் கிண்ணம் விளையாடின மனிசன்! நான்தான் கதைச்சுக் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்று சோதிலிங்கம் அண்ணை சாரதிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். நாலாவது ஞாயிறு தோற்றோம். "பாங்கிலை கிளாக்கராய் இருந்தவர்தானே, பந்தைப் பற்றி என்ன தெரியும்?" என்றார். வென்றால் நீளும், தோற்றால் சுருங்கும். ஒன்றரை வருடம் இப்படியே போனது. பாவம், தன்னுடைய இறந்தகாலம் ஞாயிறு தோறும் மாறுவது ஹானுக்குத் தெரியாது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு சித்திரையில்தான் விளையாட்டு வினையானது. ஹானின் பெர்மெஸ்ஸோ, அதுதான் நாட்டில் தங்குகிற அனுமதி, ஜூனோடு முடிகிறது. மனைவியின் படிப்புக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. வேலை ஒப்பந்தம் ஒன்று இருந்தால் அவரும் தங்கலாம். பிரான்காச்சோவில் பட்டறைப் பெடியன்கள் ஆடுகிற ஒரு சின்ன இத்தாலியக் கழகம் மனேஜர் தேடியது. அதன் தலைவர், பருத்த மீசைக்காரர், எங்கள் ஈஸ்டர் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்துக்கு வருவதாகச் சொன்னார். ஹான் அன்று சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டி வந்தார். அவருக்குக் கிண்ணம்கூட வேண்டாம், அந்த மீசைக்காரரின் ஒரு கையெழுத்துப் போதும்.

ஆட்டம் தொடங்கியது. ஹான் எங்கள் மிகச் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரன் கிரிசாந்தை வெளியே இருத்திவிட்டார்!

"உவருக்கு விசரே? கிரிசாந்தை இருத்திப்போட்டு ஆரை வைச்சு கோல் அடிக்கிறது?" என்று சோதிலிங்கம் அண்ணை குதித்தார். நாற்பது பேரும் குதித்தோம். ஓம், நானும்தான். இருபதாவது நிமிடத்தில் எதிரணி கோல் போட்டது.

அந்த நேரம் பார்த்தா மீசைக்காரர் எங்கள் பக்கம் திரும்ப வேண்டும்?

"இந்த மனிதர் தன் நாட்டில் என்னவாக இருந்தார்?"

"வங்கியில் குமாஸ்தா" என்றார் சோதிலிங்கம் அண்ணை, நல்ல சுத்தமான இத்தாலியனில்.

"பந்து ஆடியிருக்கிறாரா?"

"ஏதோ, பொழுதுபோக்குக்கு."

இடைவேளையில் ஹானிடம் ஓடிப்போய்க் கேட்டேன், ஏன் கிரிசாந்தை இருத்தினீர்கள் என்று. அவர் தன் தொடையைத் தட்டினார், பிறகு கையால் படி ஏறிக் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிரிசாந் ஒரு மாதமாக ஞாயிறு மத்தியானம் வரை ஆறு மாடிக் கட்டடத்தின் படிகளைக் கழுவுகிறவன். காலையில் நின்று வேலை செய்கிறவனுக்கு முதல் பாதியில் கால் இருக்காது, இரண்டாம் பாதியில்தான் வரும். பதினொரு வருடம் கவுண்டரில் நின்றுவிட்டு ஓடியவருக்கு அது தெரியும். பட்டறைப் பெடியன்களுக்கு இப்படி ஒரு ஆள்தானே வேண்டும்?

இரண்டாம் பாதியில் கிரிசாந் இறங்கினான். இரண்டு கோல். மைதானம் கிழிந்தது. சோதிலிங்கம் அண்ணை மீசைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சொல்ல மறந்துவிட்டேன்! எண்பத்தாறு உலகக் கிண்ணத்தில் ஆடியவர் இவர். உங்கள் இத்தாலிக்கு எதிராகவே!"

ஒரு இத்தாலியனிடம், அதுவும் இத்தாலி ஆடிய ஆட்டத்தைப் பற்றிப் பொய் சொல்லலாமா? மீசைக்காரர் கையை விடுவித்துக்கொண்டார்.

"அந்த ஆட்டத்தில் எதிரே நின்ற பதினொரு பேரின் பெயரும் எனக்குப் பாடம். எனக்கு வேண்டியது ஒரு ஆள். நீ இரண்டு பேரைச் சொல்கிறாய். இப்படிச் சொல்லச் சொன்னது அவரா?"

சோதிலிங்கம் அண்ணை குனிந்து சப்பாத்தின் நாடாவை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார்.

நான் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். உண்மையான கதையை ஹானிடமிருந்தே தெரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான். 'நோ' என்று ஒரு சொல் போதும். அதற்குப் பெரிய இத்தாலியன் தேவையில்லை. எனக்கு வேலை எடுத்துத் தந்த மனிதரைப் பொய்யர் ஆக்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஹான் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, கையை நீட்டியபடி சிரித்துக்கொண்டு வந்தார். மீசைக்காரர் காரில் ஏறிவிட்டார்.

"நல்லாச் சொல்லியிருக்கிறன், மிஸ்ரர் ஹான், பியானோ, பியானோ" என்றார் சோதிலிங்கம் அண்ணை.

ஜூனில் ஹான் தனியாகப் போனார். மேல்மாடியில் மனைவி மட்டும் இரண்டு வருடம் தனியே பாடிக்கொண்டிருந்தார். போன கிழமை அவர் படிப்பு முடித்து ஊருக்குப் புறப்படும்போது, படியில் நின்று எனக்கு ஒரு படம் காட்டினார். ஹான் அங்கே ஒரு தொழிற்சாலை அணிக்கு மனேஜராம், கையில் கிண்ணம்.

நான் இதைப் போய்ச் சொன்னேன். சோதிலிங்கம் அண்ணை யோசிக்கவே இல்லை.

"பின்னை? எங்களிட்டைத்தானே தொழில் பழகினவர்!"

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஹான் கிரிசாந்தை வெளியே இருத்தினார் என்று வாசித்த இடத்தில், மாடிப்படி கழுவுகிற கதை வருவதற்கு முன்னால், 'இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியவில்லையே' என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா? கேட்டிருந்தால் வாருங்கள், நாங்கள் நாற்பது பேர் நிற்கிறோம், கொஞ்சம் நெருக்கி நின்றால் இடம் இருக்கிறது. எல்லாரும் கத்தும்போது நீங்களும் நன்றாகக் கத்துவீர்கள், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஒருவர் திரும்பி உங்களைப் பார்த்து உண்மையைக் கேட்கும்போது என்ன செய்வீர்கள் என்பதுதான் எனக்குத் தெரியாது.