ஒரு மானுக்கு நாலு ஓட்டை

ஜனவரி மாதத்தில் மழை பெய்யக் கூடாது. இது இயற்கை போட்ட சட்டமா என்று தெரியாது. மாவட்டத் துருவமான் அலுவலகம் போட்ட சட்டம். அவர்களுடைய இடர் நிவாரணப் படிவத்தில் குளிர்காலத்துக்கு என்று ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. அதில் 'பனியின் ஆழம்' என்று அச்சடித்திருக்கும். மழைக்குக் கட்டம் கிடையாது. ஆகவே மழையும் கிடையாது.

படிவம் படிக்காத மழை அந்த வருஷம் மூன்று நாள் பெய்தது. நான்காம் நாள் குளிர் இறுக்கிப் பிடித்ததும் மேட்டுநிலம் முழுவதும் கண்ணாடி போட்டது போல ஐஸாகிவிட்டது. மான்கள் தின்னும் வெள்ளைப் பாசி அடியிலேதான் இருந்தது. குளம்பால் பறண்டிப் பறண்டிப் பார்த்தன. குளம்புதான் தேய்ந்தது. மான் மேய்த்துப் பிழைக்கும் ரிஸ்தெனின் மந்தையில் பாதிக்கு மேல் சினைமான்கள். அவற்றின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த மந்தை ஒன்றுதான்.

தீவனம் இல்லை என்று ஒரு விண்ணப்பம் எழுதி எடுத்துக்கொண்டு, பனிவண்டியை முடுக்கி அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி ஹால்வர் நல்ல மனிதர். பருவநிலைத் தகவமைப்பு பற்றி இரண்டு நாள் பயிற்சி முடித்து, சட்டையில் பச்சை வில்லை குத்தியிருந்தார்.

"தீவனம் வேணும் சார். மானெல்லாம் பட்டினி கெடக்கு."

"பனி எவ்வளவு ஆழம்மா?"

"ஒரு சாண்தான். ஆனா மேல ஐஸு, கல்லு மாதிரி."

"ஒரு சாண்தானா? ரொம்ப நல்ல வருஷமாச்சே! வாழ்த்துகள்."

"ஐயோ, ஐஸுக்கு அடியில இருக்கற பாசியை மான் எப்படி சார் திங்கும்?"

"பாசி இருக்கில்ல? அப்ப தீவனம் இருக்கு. நீங்க இல்லைன்னு எழுதியிருக்கீங்க, தப்பு. தீவனம் இருக்கு, அதுக்குப் போற வழிதான் இல்லை. வழின்னா அது சாலைத் துறை."

பாவம், அங்கேயும் போனாள். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகும் என்று கேட்டார்கள். வண்டி இல்லை, மான் என்றாள். பதிவெண் உண்டா என்றார்கள். காதில் வெட்டு அடையாளம் உண்டு என்றாள். அதையும் ஒழுங்காகக் குறித்துக்கொண்டு, மறுபடி ஹால்வரிடமே அனுப்பினார்கள்.

ஹால்வர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். "ஐஸுன்னு நீங்க சொன்னா செல்லாது. நாங்க அளக்கணும். ஒரு மானுக்கு நாலு ஓட்டை, தரை தெரியற வரைக்கும். சரி, உங்களுக்கு எத்தனை மான்?"

ரிஸ்தெனுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த ஊரில் ஒருவரைப் பார்த்து எத்தனை மான் என்று கேட்பது, பெண் பார்க்கப் போன வீட்டில் பீரோவைத் திறந்து நகையை எண்ணுவது போல. கட்டின பெண்டாட்டிக்கே சொல்ல மாட்டார்கள்.

"இருக்கு சார், ஏதோ இருக்கு" என்றாள்.

ஹால்வர் உத்தேசமாக ஐம்பது என்று போட்டுக்கொண்டார். மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். ஏரி ஐஸைக் குடைந்து மீன் பிடிக்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரிப் பெரிய துளைக்கருவி ஆளுக்கு ஒன்று. கடகடவென்று இருநூறு ஓட்டை போட்டார்கள். போடப் போட மான்கள் பின்னாலேயே வந்தன. ஓட்டையில் மூக்கை விட்டன. விளிம்பைக் குளம்பால் உடைத்தன. ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு தின்றன. வந்தவர்கள் அதையும் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. 'மேற்படி மான்கள் மேய்ந்துகொண்டிருந்தது நேரில் காணப்பட்டபடியால், இடர் ஏதும் இல்லை எனத் தீர்மானித்து, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

ரிஸ்தென் அழுதேவிட்டாள். அவள் கொழுந்தன் யோவ்னா காபியில் உப்புக்கண்டத்தை நனைத்துத் தின்றுகொண்டே சிரித்தான்.

"எதுக்கு அண்ணி அழறீங்க? தீவனம் குடுக்க மாட்டான், சரி. மேல்முறையீடு போட்டா மறுபடியும் அளந்துதானே ஆகணும்?"

அழுகை நின்றது. அன்றைக்கே மேல்முறையீடு எழுதினாள். மான் எண்ணிக்கை என்ற இடத்தில், இருநூறு மான் வைத்திருப்பவள், கூசாமல் அறுநூறு என்று எழுதினாள். விஷயம் காட்டுத்தீ மாதிரிப் பரவியது. நூற்றைம்பது மான் வைத்திருந்த யோவ்னா எண்ணூறு என்றான். பதினோரு மான் வைத்திருந்த ஒருவர் ஆயிரம் என்று எழுதிவிட்டு, குறைச்சலாகத் தெரியுமோ என்று கவலைப்பட்டார். பரம்பரை பரம்பரையாக வாயைத் திறக்காத ஜனம் அலுவலக வாசலில் நின்று எண்ணிக்கையை ஏலம் போட்டது.

அலுவலகம் அசரவில்லை. விதி விதிதான். குளிர்காலம் முழுக்க ஓட்டை போட்டார்கள், நிராகரித்தார்கள், மறுபடி ஓட்டை போட்டார்கள். ரிஸ்தெனுக்கு ஒரு மான்கூடச் சாகவில்லை. மே மாதம் குட்டிகள் துள்ளுவதைப் பார்த்து அவள் சந்தோஷத்தில் கூத்தாடினாள். அந்த ஓட்டைக்காரர்களுக்குக் கோயில் கட்டினாலும் தகும் என்றாள்.

ஜூன் மாதம் ஹால்வரின் அறிக்கை தலைநகரம் போனது. 'மழை பெய்து ஐஸ் கட்டிய ஆண்டில் மாவட்டத்தின் மான் எண்ணிக்கை மூன்று மடங்கு உயர்ந்துள்ளது. மான்கள் பிரமாதமாகத் தகவமைத்துக்கொண்டன.' தலைநகரில் கைதட்டினார்கள், கருத்தரங்கு நடத்தினார்கள், கேக் வெட்டினார்கள். ஹால்வருக்கு இன்னொரு வில்லை கிடைத்தது. கூடவே எல்லா வீட்டுக்கும் ஒரு கடிதம்: மேய்ச்சல் நிலம் தாங்காது, ரிஸ்தென் மந்தைக்கு உச்சவரம்பு இருநூறு, உபரி நானூறு மான்களை இலையுதிர் காலத்துக்குள் வெட்டிக் குறைக்கவும்.

அவள் ஓடினாள்.

"சார், நான் பொய் சொல்லிட்டேன். எங்கிட்ட இருக்கறதே இருநூறுதான்."

ஹால்வர் கோப்பைப் பிரித்தார். "முதல் மேல்முறையீட்டுக்கு மட்டும் ரெண்டாயிரத்து நானூறு ஓட்டை போட்டிருக்கோம்மா. நீங்க பொய் சொல்லலாம், ஓட்டை சொல்லாது. இத்தனை ஓட்டை இருக்குன்னா அத்தனை மான் இருந்தாகணும்."

"அப்ப வந்து எண்ணிப் பாருங்க சார்!"

"எண்ணறதா? உங்க ஊர்ல அது மரியாதை இல்லைன்னு பயிற்சியில சொல்லிக் குடுத்திருக்காங்க. உங்க வழக்கத்தை நாங்க மதிக்கிறோம்."

"சார், இருநூறுல நானூறை எப்படிக் குறைக்கிறது?"

"முதல்ல இருக்கறதை வெட்டுங்க. பத்தலைன்னா விண்ணப்பம் போடுங்க, பார்க்கலாம்" என்றார் ஹால்வர், உண்மையான அனுதாபத்தோடு.

வெளியே வரிசை தெருமுனை வரை நின்றது. எல்லார் கையிலும் அதே கடிதம். என்னுடையது பொய் என்று ஒருவர் சொன்னால் எல்லாருடையதும் பொய்யாகும்; அதனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. யோவ்னா மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு அவள் பக்கத்தில் வந்தான்.

"அண்ணி, எனக்கு அறுநூத்தம்பது வெட்டணுமாம். என் நூத்தம்பதும் போனா இன்னும் ஐந்நூறு இடிக்குது. உங்ககிட்டதான் அறுநூறு இருக்கே... கொஞ்சம் குடுத்து உதவுவீங்களா?"