ஆண் நாயா, பெண் நாயா, மஞ்சள் சீட்டா?

மனிதர்களில் ‘பார்த்துச் சொல்கிறேன்’காரர் என்று ஒரு ரகம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் கட்டாயம் இருப்பார். ‘இல்லை’ என்று சொல்லக் கூச்சப்படும் நல்ல மனிதர் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள்; அவருக்கு ‘ஆமாம்’ என்றும் சொல்ல வராது. இட்லியா தோசையா என்று ஓட்டலில் கேட்டால், பக்கத்து மேசைக்காரர் என்ன சாப்பிடுகிறார், சாப்பிடும்போது அவர் முகம் எப்படிப் போகிறது, எழுந்தபிறகு ஏப்பம் வந்ததா என்பதையெல்லாம் கவனித்து, ஒருவழியாக அவர் வாயைத் திறக்கும்போது இரண்டுமே தீர்ந்து போயிருக்கும். அதில் அவருக்கு வருத்தமா? கிடையவே கிடையாது. தீர்ந்துபோன பண்டத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியதில்லை அல்லவா!

இந்த ரகத்துக்கு ஒரு மகாராஜா வேண்டுமென்றால், மண்ணூர் கோதண்டத்துக்குத்தான் முடி சூட்ட வேண்டும். 1991-ஆம் வருஷம் அவர் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையோரம் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்டராக இருந்தார். அங்கே மூன்று விதமான சீட்டுகள் உண்டு. பச்சைச் சீட்டு கட்டினால் சாமான் பாஸ். சிவப்புச் சீட்டு கட்டினால் ரிஜெக்ட். மஞ்சள் சீட்டு கட்டினால் ‘ஹோல்ட்’, அதாவது பாஸும் இல்லை, ரிஜெக்டும் இல்லை, அப்படியே கிடக்கட்டும் என்று பொருள். மஞ்சள் சீட்டு கட்டிய சாமானை, கட்டியவரே வந்து அவிழ்க்கிற வரைக்கும் மேனேஜர் கூடத் தொடக் கூடாது. அது சட்டம்.

அடடா, எப்பேர்ப்பட்ட சட்டம்! கோதண்டத்துக்கென்றே யாரோ உட்கார்ந்து எழுதியது போல.

“சார், மஞ்ச புக்கு மறுபடியும் தீந்துட்ச்சா?” என்று ஸ்டோர்கீப்பர் சாம்சன் மாதாமாதம் தலையில் கை வைத்துக்கொள்வார். “பச்ச புக்கு நாலு வருசமா அப்பிடியே கீது. ஒரு தபா கிழிச்சுத்தான் பாருங்களேன்.”

“அவசரப்படக் கூடாது சாம்சன். எதுக்கும் ரெண்டு பக்கம் இருக்கு.”

இந்த ‘ரெண்டு பக்கம்’ வீட்டிலும் இருந்தது. கேட்டுக்குப் பச்சை அடிப்பதா நீலம் அடிப்பதா என்று பார்த்துச் சொல்வதற்குள் வீடு கட்டி இரண்டு வருஷம் ஓடி, கேட்டு இன்னமும் துருக்காவிச் சிவப்பிலேயே நின்றது. மகளுக்குப் பெயர் வைப்பதில் அவர் எழுதி அடித்த காகிதங்களை எடைக்குப் போட்டால் ஒரு வேளைக் காய் வாங்கலாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று, “பாப்பான்னே எழுதட்டுமா?” என்று தலைமை ஆசிரியை கேட்க, மனைவி ராஜம்மா தான் பேனாவைப் பிடுங்கி ‘இசைவாணி’ என்று எழுதினாள். அந்தப் பெயர் தமக்கும் பிடித்திருக்கிறதா என்று கோதண்டம் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்த ராஜம்மா தான் ஒரு நாள் நாய் கேட்டாள்.

கேட்டதில் நியாயம் இருந்தது. மண்ணூருக்கு வெளியே, எல்லைக்கல்லும் சீமைக்கருவேலமும் மட்டுமே குடியிருந்த மனைப்பிரிவில் அவர்கள் வீடு ஒற்றையாக நின்றது. கோதண்டத்துக்குச் செகண்ட் ஷிப்ட் வரும் வாரங்களில் அவளும் பெண்ணும் மட்டும்தான். போன செகண்ட் ஷிப்டில் யாரோ ஒருவன் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டுப் போகாமல் நின்று கதவையும் பூட்டையும் நிதானமாகப் பார்த்தான். மறுநாள் கொல்லையில் இருந்த பித்தளைத் தவலையைக் காணோம்.

“எனக்குப் பயமா கீதுங்க,” என்றாள் ராஜம்மா. அவள் எதற்கும் பயப்படுகிற பெண்ணில்லை. “அடுத்த திங்கக்கெழம உங்களுக்கு மறுபடியும் செகண்ட் ஷிப்ட்டு. அதுக்குள்ள ஒரு நாய இட்டாந்துடுங்க. கொலைச்சா போதும், வேற ஒண்ணும் வாணாம்.”

கோதண்டத்துக்கு மனசு கலங்கிவிட்டது. மனைவி மேல் அவருக்கு உயிர். “இந்த வாரமே கொண்டாறேன்,” என்றார். பத்து வருஷத்தில் அவர் சொன்ன முதல் முடிவான வாக்கியம் அதுதான். ராஜம்மாவும் நம்பினாள். பாவம்.

நாய்க்குப் பஞ்சமே இல்லை. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் பலராமன் சோறு போட்டு வளர்த்த நாய் ஐந்து குட்டி போட்டு, மூன்று வீடு போய்ச் சேர்ந்து, இரண்டு மிச்சம் இருந்தன. இரண்டும் ஒரே செவலை. இரண்டுக்கும் வால் நுனியில் ஒரே வெள்ளை. மூன்று மாதக் குட்டிகள்தான், ஆனால் குரல் மட்டும் லாரி ஹாரன்.

“இது ஆணு, இது பொட்ட,” என்று பலராமன் இரண்டையும் தூக்கிக் காட்டினான். “எது வோணுமோ எடுத்துக்கினு போங்க சார்.”

எது வேண்டுமோ! இந்த மனிதரிடம் சொல்லக் கூடிய வார்த்தையா அது? ஒரே ஒரு குட்டி இருந்திருந்தால் அன்று சாயங்காலமே ராஜம்மாவின் மடியில் போய் விழுந்திருக்கும். இரண்டு இருந்தன. போச்சு.

“பார்த்துச் சொல்றேன்,” என்றார் கோதண்டம்.

முதலில் சாம்சனைக் கேட்டார். “ஆணே எடுங்க சார்,” என்றார் சாம்சன். “பொட்டன்னா சீசன்ல சுத்துப்பட்டு நாயெல்லாம் உங்க கேட்டாண்ட கியூ கட்டும். வருசத்துக்கு ரெண்டு தபா குட்டி வேற. யார் தலையில கட்டுவீங்க?”

நியாயம்தான் என்று தோன்றியது. ஆண் என்று முடிவு செய்துகொண்டே சாப்பாட்டுக்குப் போனார். அங்கே கேன்டீன் கனகம் சாம்பார்க் கரண்டியோடு சிரித்தாள். “அய்ய, ஆம்பள நாயி வூட்லயா தங்கும்? ஐப்பசி கார்த்திகை வந்தா குன்றத்தூர் வரைக்கும் ஊர் மேய்ஞ்சிட்டு, காது கிழிஞ்சு வரும். போற வழியில கீற கம்பத்துக்கெல்லாம் கால வேற தூக்கும், உங்க டிவிஎஸ் வண்டியையும் உடாது. பொட்டைதான் சார் வாசல்லயே கெடக்கும்.”

இதுவும் நியாயம்தான். மோர்ச்சோறு வரைக்கும் பெண் நாயாக இருந்தவர், கை கழுவும்போது குட்டிகளை நினைத்து மறுபடி ஆண் நாயானார். ராஜம்மாவின் அண்ணன் டில்லிபாபு குன்றத்தூரில் ஒரு காலத்தில் நாய் வளர்த்ததாக ஞாபகம் வரவே, அவருக்கு ஒரு கார்டு போட்டார். மூன்றாம் நாளே பதில் வந்தது. ‘மாப்பிள்ளைக்கு, இங்கு அனைவரும் நலம். நான் வளர்த்தது பூனை. அது ஆணா பெண்ணா என்று கடைசிவரை நான் பார்க்கவில்லை.’

எவ்வளவு பொறுப்பில்லாத மனிதர் என்று கோதண்டம் வருத்தப்பட்டார்.

இதற்கிடையில் புதன்கிழமை கனகம், தனக்கு அந்தப் பெண் குட்டியைக் கொடுக்கும்படி பலராமனிடம் கேட்டுவிட்டாள். செய்தி காதில் விழுந்ததுதான் தாமதம், கோதண்டம் எழுந்துவிட்டார். பெண்தான் சரி என்று நாளைக்குத் தோன்றிவிட்டால்? வேகவேகமாகக் கேட்டுக்குப் போனார். என்ன செய்தார் என்கிறீர்கள்? பத்து வருஷமாக என்ன செய்தாரோ அதையே செய்தார். இரண்டு குட்டிகளின் கழுத்திலும் சணல் கயிற்றில் ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு கட்டினார். பொருள்: நாய்க்குட்டி. அளவு: ஒன்று. நிலை: ஹோல்ட். காரணம்: முடிவு நிலுவையில். கீழே கையெழுத்து, தேதி.

யார் தொடுவார்கள்? கனகம் மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். பலராமன் கூட, சோற்றை வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் ஒரு குண்டு போட்டார். திங்கட்கிழமை கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கேட்டில் நாய்க்குட்டி எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் வேனில் தூக்கிப் போட்டுக் கண்காணாத இடத்தில் விட்டுவிட வேண்டும். மஞ்சள் சீட்டு? “கிழிச்சுப் போடு,” என்று மேனேஜர் சட்டத்தையே மீறிவிட்டார்.

சனிக்கிழமை காலை கோதண்டம் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் ஒரு கிராப் தாளை விரித்தார். ஒரு பக்கம் ஆண், ஒரு பக்கம் பெண். குரைப்பதற்கு இத்தனை மார்க், வாசலில் கிடப்பதற்கு இத்தனை, கால் தூக்குவதற்கு இத்தனை கழிவு என்று போட்டுக்கொண்டே வந்து கூட்டினார். எழுபத்தொன்றுக்கு எழுபத்தொன்று. அழித்துவிட்டு மறுபடி கூட்டிக்கொண்டிருக்கும்போது சாம்சன் எட்டிப் பார்த்தார். “சார், கேட்டாண்ட உங்களப் பாக்க ஆளு வந்து கீறாங்களாம்.”

கோதண்டம் தலையைத் தூக்கவில்லை. “இருக்கச் சொல்லுங்க. பார்த்துச் சொல்றேன்.”

கடைசியில் ‘நன்றி’ என்று ஒரு வரி புதிதாகச் சேர்த்து, அதில் அரை மார்க் வித்தியாசம் கண்டுபிடித்து, வெற்றி வீரராக எழுந்து கேட்டுக்கு வந்தபோது மணி இரண்டே கால். குட்டிகள் கிடந்த சைக்கிள் கொட்டகை காலியாக இருந்தது. மண்ணில் இரண்டு மஞ்சள் சீட்டுகள் கிடந்தன. பலராமன் டியூட்டி முடிந்து போய்விட்டான். புதிதாக வந்திருந்த வாட்ச்மேன் பல் குத்திக்கொண்டிருந்தான்.

“குட்டிங்க எங்கப்பா?”

“தெரியல சார். வேன் வந்துச்சு, போச்சு.”

கோதண்டம் குனிந்து அந்தச் சீட்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றையாவது எடுத்திருக்கலாமே! கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றை! நாளை மறுநாள் பொழுது சாயும்போது ராஜம்மா தாழ்ப்பாளைப் பிடித்தபடி பெண்ணோடு உட்கார்ந்திருப்பதை நினைத்தார். எனக்கெல்லாம் எதற்குப் பெண்டாட்டி பிள்ளை என்று தம்மையே திட்டிக்கொண்டு டிவிஎஸ்ஸை மிதித்துக் கிளப்பி, வேனைத் துரத்தினார்.

அப்படி ஒரு வேகத்தில் கோதண்டத்தை யாரும் பார்த்ததில்லை. தலைமுடி பறக்க, லுங்கிக்காரர்கள் சிதறி ஓட, கூட்டு ரோடு வரைக்கும் பறந்தார். அங்கே பாதை பிரிந்தது. நேரே போனால் காஞ்சிபுரம். இடது பக்கம் திரும்பினால் ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில். வேன் எந்தப் பக்கம் போயிருக்கும்?

காஞ்சிபுரம் ரோட்டில் கூட்டம் அதிகம், குட்டியை விட மாட்டார்கள். ஒரகடம் பக்கம் வெறும் காடு, அங்கேதான் விடுவார்கள். ஆனால் டிரைவருக்கு மாமியார் வீடு காஞ்சிபுரம் பக்கம் என்று கேள்வி. சனிக்கிழமை வேறு...

வண்டியை ஓரமாக நிறுத்தினார். டீக்கடைக்காரர், “டீயா காப்பியா சார்?” என்று கேட்டார். அவ்வளவுதான்! ஒன்றரை மணி நேரம்!

வெறுங்கையோடு மண்ணூர் திரும்பும்போது மனைவியிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். மன்னிச்சுடு என்று ஆரம்பிப்பதா, நடந்தது என்னன்னா என்று ஆரம்பிப்பதா என்று முடிவாகவில்லை. துருக்காவி கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியதுதான் தெரியும், உள்ளேயிருந்து ஒரு லாரி ஹாரன் அவர் மேல் பாய்ந்தது.

செவலை. வால் நுனியில் வெள்ளை.

“அய்யோ, என் கண்ணு!” என்று கோதண்டம் கத்தியே விட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. ராஜம்மா இடுப்பில் கை வைத்து வாசலில் நின்றாள்.

“எப்பிடி ராஜம்?”

“எப்பிடியா? சனிக்கெழம ஆயும் நாயக் காணோமேன்னு பஸ் புடிச்சு நானும் இசையும் கம்பெனிக்கே வந்தோம். ஆள் மேல ஆள் அனுப்புனா, ‘இருக்கச் சொல்லு, பார்த்துச் சொல்றேன்’னு பதிலு வருது. கட்ன பொண்டாட்டிக்கே மஞ்ச சீட்டு! வேன்காரன் வேற வந்து நின்னுக்கினு ஹாரன் அடிக்கிறான். சீட்டப் பிச்சுப் போட்டுட்டுக் கிட்ட இருந்தத ஒண்ணு தூக்கினேன், இன்னொண்ணு கேன்டீன்கார அக்கா தூக்கினாங்க. வேன் காலியாத்தான் போச்சு.”

கோதண்டத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

“இது ஆணா பொண்ணா?”

“பாக்கல.”

“பாக்கலயா!”

“தண்ணி கேட்டு வரவன் அதெல்லாம் பாத்துக்கினா நிப்பான்? நாயி. கொலைக்குது. ஆச்சு.”

“இரு, நான் பார்த்துச் சொல்றேன்,” என்று கோதண்டம் கேட்டுக்குள் காலை வைத்தார். குட்டி பல்லைக் காட்டி, அடித்தொண்டையில் உறுமிற்று. காலை வெளியே எடுத்தார். உறுமல் நின்றது. வைத்தார். உறுமிற்று.

இசைவாணி கைகொட்டிச் சிரித்தாள். ராஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “அது உங்கள இன்னும் பாஸ் பண்லங்க,” என்றாள். “உள்ள உடலாமா வாணாமான்னு பாத்துச் சொல்லும். அதுவரைக்கும் அங்கயே இருங்க.” தம்முடைய வீட்டு வாசலிலேயே, சட்டைப் பையில் இரண்டு மஞ்சள் சீட்டுகளோடு, கோதண்டம் அரை மணி நேரம் நின்றார்.

திங்கட்கிழமை தண்ணீர்க்காரன் மறுபடி வந்தான். குரலைக் கேட்டதும், தாகம் தீர்ந்துபோய் வந்த வழியே நடையைக் கட்டினான். ராஜம்மா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

கதை முடிந்துவிட்டது. இன்னும் எதற்காக உட்கார்ந்திருக்கிறீர்கள்? ஓ, அது ஆணா பெண்ணா என்று சொல்லவில்லையா? கோதண்டத்துக்கு நாலே நாளில் தெரிந்துவிட்டது; தெரிந்து ஆனது ஒன்றுமில்லை. உங்களுக்கு அது தெரிந்தால்தான் இந்தக் கதை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியுமா? அப்படியானால் கொஞ்சம் சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள். மஞ்சளாக ஏதாவது தட்டுப்படும்.