அடுப்பு மூட்டாத நாளில் டையூ

சுமந்த் ஒரு முடிவு எடுத்தார். இந்த வருஷம் டையூ போயே தீருவது. மனைவி இல்லாமல் போவது. அதுவும் மனைவியே "நீங்க போயிட்டு வாங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்ப, மனசே இல்லாதவர் மாதிரி போவது. இந்த மூன்றாவது பகுதிக்குத்தான் மூளை தேவைப்பட்டது. அது தன்னிடம் நிறைய இருக்கிறது என்று ராஜ்கோட்டில் பேரிங் கடை வைத்திருந்த சுமந்த் உறுதியாக நம்பினார்.

டையூவில் என்ன இருக்கிறது என்று ராஜ்கோட் பெண்களைக் கேட்டால், போர்ச்சுகீசியர் கட்டிய கோட்டை, அலை வந்து கழுவும் சிவலிங்கங்கள், வெள்ளை சர்ச் என்று சொல்வார்கள். ஆண்களும் அதையேதான் சொல்வார்கள், மனைவி பக்கத்தில் இருந்தால். இல்லாவிட்டால், ஊனா செக்போஸ்ட்டைத் தாண்டியதும் முதல் கடை இடது பக்கமா வலது பக்கமா என்று சண்டை போடுவார்கள். மதுவிலக்கு உள்ள குஜராத்தில் கிடைக்காத ஒன்று அங்கே ஐஸ் பெட்டியில் கிடைக்கும். கல்யாணத்துக்கு முன்னால் சுமந்த் எட்டுத் தடவை போய் அந்த ஊரின் வரலாற்றை ஆராய்ந்திருந்தார்.

பெண் பார்க்கப் போன அன்று இரண்டு பேரையும் பத்து நிமிஷம் தனியாகப் பேச விட்டார்கள். தருலதா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீங்க கடல் பாத்திருக்கீங்களா?"

"டையூ மட்டுமே எட்டுத் தடவை."

அவள் கண் அகலமானது. அவளுடைய ஊர் சுரேந்திரநகர் பக்கம். உப்பளம் இருக்கும், கடல் இருக்காது. "கல்யாணம் ஆன முதல் மாசமே கூட்டிட்டுப் போறேன்" என்றார் சுமந்த். அப்போது அவர் பொய் சொல்லவில்லை. இந்தக் கதையில் வருத்தமான விஷயமே அதுதான்.

ஏழு வருஷம் ஓடிவிட்டது. ஒரு வருஷம் மழை. ஒரு வருஷம் அவருடைய அம்மாவின் முழங்கால். ஒரு வருஷம் ருத்வி வயிற்றில். பிறகு மிதுல் வயிற்றில். கடலுக்குக் கட்டிக்கொள்ள என்று தரு வாங்கிய நீல பாந்தனிச் சேலை, ஒவ்வொரு சிராவண மாதமும் பீரோவிலிருந்து வெளியே வந்து வெயில் காய்ந்து, மறுபடி உள்ளே போனது. ருத்விக்கு இப்போது ஐந்து வயது. மிதுலுக்கு இரண்டரை.

அம்மா ஆனதிலிருந்து தருவுக்குப் பயம். பிள்ளை இருமினால் பயம். இருமாவிட்டால், ஏன் இருமவில்லை என்று பயம். அதிக நேரம் தூங்கினால் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பாள். சுமந்துக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததை வைத்துத்தான் திட்டம் போட்டார்.

"தரு, மூட்டை கட்டு. சீதளா சப்தமிக்கு டையூ. நாலு பேரும்."

தருவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "நிஜமாவா?"

"நிஜமா. கிரீட் வண்டி தரேன்னுட்டான்."

கிரீட் கீழ் வீட்டுக்காரர், டையூ ஆராய்ச்சியில் சக மாணவர். அவருடைய மனைவி நயனா பள்ளிக்கூட டீச்சர்; தருவுக்கு 'பாபி', அதாவது அண்ணி முறை. கார் ஓட்டக் கற்றுக்கொண்டு ஆறு மாதம்தான் ஆகிறது.

அன்று சாயங்காலமே சுமந்த் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்ற ஆரம்பித்தார்.

"ஒண்ணு மட்டும், தரு. மிதுல் கைய விட்டுடாதே. அங்க அலை கரைக்கு வந்து ஆளை எடுத்துட்டுப் போகும்."

"கரைக்கேவா?"

"மழைக்காலத்துல கடலுக்குக் கரைன்னு ஒண்ணு ஏது?"

மறுநாள் கோட்டை.

"அந்தச் சுவத்துக்குக் கைப்பிடியே கிடையாது. போர்ச்சுகீசியருக்குப் புள்ளைங்க இல்ல போல."

"அங்கல்லாம் போகாம இருந்துடலாங்க."

"போகாம இருக்கலாம். புள்ளைங்க ஓடாம இருக்குமா?"

அதற்கு மறுநாள் ஜெல்லி மீன்.

"தொட்டா உடம்பு பூரா தடிச்சுப் போயிடும்."

"நாம ஏங்க அதைத் தொடப் போறோம்?"

"நாம தொட மாட்டோம். அது தொடும்."

அதற்கும் மறுநாள் குகையில் வௌவால். "கடிக்குமா?" என்றாள் தரு. "கடிச்சப்புறந்தான் தெரியும்" என்றார் சுமந்த். இந்த நாலு நாளில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அதை அவர் கவனித்தார். கவனித்துவிட்டு, திட்டம் வேலை செய்கிறது என்று நினைத்தார்.

ஐந்தாம் நாள் கடைசி ஆணியை அடித்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "என்னால முடியல, தரு. நெனச்சாலே இங்க அடிச்சுக்குது. சப்தமி அன்னிக்குப் புள்ளைங்கள ஒரு நிமிஷம்கூட என் கண்ணுல இருந்து விடமாட்டேன், பாத்துக்க" என்றார்.

தரு அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். 

"நீங்க சொல்றது சரிதாங்க. புள்ளைங்களக் கூட்டிட்டுப் போகக் கூடாது."

"அப்ப... எல்லாம் கேன்சலா?" குரலைத் தழதழக்க வைப்பதற்கு சுமந்த் கொஞ்சம் சிரமப்பட்டார்.

"எதுக்கு? வண்டி சொல்லியாச்சு. போறவங்க போகட்டும். பயணத்துக்கு நான் சாப்பாடு கட்டறேன்."

சுமந்த் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு கிரீட்டுக்குப் போன் போட்டார். "வேலை முடிஞ்சுதுடா. அவளே போகச் சொல்லிட்டா!"

சப்தமிக்கு முந்தின நாள் சஷ்டியன்று தெருவே சமையலில் இருந்தது. அன்று சமைத்து முடித்து, அடுப்பைக் கழுவிக் குங்குமம் வைத்துவிட்டால், மறுநாள் முழுதும் மூட்டக் கூடாது. சப்தமியன்று சீதளா மாதா வீடு வீடாக வந்து அடுப்பில் படுத்துப் புரண்டு குளிர்ந்துகொள்வாள். அவள்மேல் சூடு பட்டால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாது. இந்த விஷயத்தில் எந்த அம்மாவும் விளையாட மாட்டாள். தரு வெந்தயக்கீரை போட்ட தேப்லா ரொட்டி ஐம்பது, பூரி, வெல்லம் போட்ட சுக்டி இனிப்பு, உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் செய்து டப்பா டப்பாவாக அடுக்கினாள். சுமந்தும் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு கட்டி உதவினார். சந்தோஷத்தில் மனிதருக்கு அவ்வளவு நல்ல குணம் வந்திருந்தது.

விடியற்காலையில் வாசலில் ஹாரன் கேட்டது. சுமந்த் தன் பையைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு வந்தார். தரு அங்கே நின்றிருந்தாள். நீல பாந்தனிச் சேலை. தோளில் பை.

"எங்க?"

"டையூ."

"யாரு?"

"நானும் நயனா பாபியும். அவங்க ஸ்கூல் டீச்சர் இன்னும் மூணு பேரும். ராத்திரி திரும்பிடுவோம்."

"புள்ளைங்க?"

"கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அப்ப நானு?"

"நீங்க ஒரு நிமிஷம்கூட அவங்கள கண்ணுல இருந்து விடமாட்டேன்னீங்களே" என்றாள் தரு. "ஏழு வருஷமா எனக்கு ஒரே பயந்தாங்க. இதுங்கள யார்கிட்ட விட்டுட்டுப் போறதுன்னு. அஞ்சு நாளா நீங்க பேசினதக் கேட்டப்புறந்தான் அந்தப் பயம் போச்சு. என்னைவிட அதிகமா பயப்படற ஆளு வீட்டுக்குள்ளயே இருக்காரு."

"ஆனா அலை, தரு! உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு." பையின் ஜிப்பை மூடித் திறந்து மறுபடி மூடினாள். "நயனா பாபி கையப் பிடிச்சுக்கறேன்னு சொல்லியிருக்கேன்."

அந்த நொடியில் சுமந்த் ஏதாவது சொல்லியிருக்கலாம். இரு, நானே வரேன், என் கையைப் பிடிச்சுக்க என்று சொல்லியிருக்கலாம். அவர் வாயைத் திறப்பதற்குள் வண்டியிலிருந்து நயனாவின் குரல் வந்தது.

"சுமந்த் பாய், கொஞ்சம் ஓரமா நில்லுங்க! எனக்கு ரிவர்ஸ் இன்னும் சரியா வரல!"

வண்டி போன பத்தாவது நிமிஷம் கிரீட் படியேறி வந்தார். கலைந்த தலை. கையில் நீச்சல் டிராயர்.

"என் வண்டி போச்சுடா."

"என் பொண்டாட்டி போச்சுடா."

"அதுலதான் என் பொண்டாட்டியும் போனா. பெட்ரோல் போட்டுட்டு வரேன்னா, நானே சாவியக் குடுத்தேன்."

"நான் தேப்லா டப்பாவுக்குக் கயிறு கட்டிக் குடுத்தேன்."

கிரீட் நீச்சல் டிராயரை நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"டீயாவது போடுடா."

சுமந்த் சமையலறைக்குப் போனார். கழுவித் துடைத்த அடுப்பு, குங்குமப் பொட்டும் பூவுமாக அவரைப் பார்த்தது. தீப்பெட்டிக்குப் போன கையை ருத்வி பிடித்தாள்.

"அப்பா! சீதளா மாதா படுத்திருக்காங்க! சுட்டுக்கும்! அப்புறம் தம்பிக்கு அம்மை வரும்!"

கை தானாக இறங்கியது.

"முக்குல லால்ஜி டீக்கடை?" என்றார் கிரீட்.

"பூட்டிட்டான்."

"எங்க போனான்?"

"டையூ."

பிள்ளைகளுக்கு என்று தனியாக இரண்டு டப்பா இருந்தது. "அப்பா டப்பா எங்க, ருத்வி?" என்று சுமந்த் கேட்டார். "உங்க பங்கு பயணத்துக்குன்னு கட்டினதுல இருக்கு" என்றாள் ருத்வி. அவருடைய பங்கு அந்நேரம் டையூ வழியில் ஜுனாகத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கடித்து வைத்த பூரியின் ஓரங்களை இரண்டு ஆண்களும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். தூங்கினால் பசி தெரியாது என்று கிரீட் வீட்டுக்குப் போனார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு மிதுலைக் காணவில்லை.

சுமந்த் பேப்பரின் ஒரு பக்கத்தைத்தான் புரட்டியிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவருக்குப் புதிது. தருவுக்குத்தான் அது பழக்கம். வாசல் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. "மிதுல்!" படியில் இல்லை. தெருவில் இல்லை. கட்டிலுக்குப் பின்னால் இல்லை. ஒரே ஓட்டமாக மொட்டை மாடிக்கு ஓடினார். தண்ணீர் டிரம்முக்கு மூடி இல்லை. டிரம்மின் விளிம்பைப் பிடித்தார். ஐந்து நாளாக அவர் தருவுக்கு வர்ணித்த கடல் முழுதும் அந்த ஒரு டிரம்முக்குள் இருந்தது.

பார்த்தார். வானமும் அவர் முகமும் மட்டும் தெரிந்தன.

கீழே வந்து குனிந்து தேடியபோது, மிதுல் கட்டிலுக்கு அடியில் இருந்தான். அப்பாவின் பயணப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினான். சுமந்த் குப்புறப் படுத்து, கையை உள்ளே நீட்டி, அவன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார். சூடாக மூச்சு வந்தது. அப்படியே வெகுநேரம் விரலை எடுக்காமல் கிடந்தார். இதை இவள் தினமும் செய்கிறாள். இந்தப் பயத்தைத்தான் நான் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன் என்று நினைத்துக்கொண்டார். தரையில் முகம் உறுத்தியது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

நாலு மணிக்குப் போன் அடித்தது. ஒரே இரைச்சல்.

"தரு? கேக்குதா? நல்லா இருக்கியா?"

"புள்ளைங்க?"

"இங்கதான். என் கண்ணு முன்னாலதான் இருக்காங்க. கடல் எப்படி இருக்கு?"

போனில் அலைதான் வந்து வந்து போனது.

"ஏங்க" என்றாள் கடைசியில். "எட்டுத் தடவை பாத்தேன்னு சொன்னீங்களே. இவ்ளோ பெரிசுன்னு நீங்க ஒரு தடவைகூட சொல்லவே இல்லையே."

போன் கட்டாகிவிட்டது. சுமந்த் யோசித்துப் பார்த்தார். அந்த எட்டுத் தடவையும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். நாற்காலியை அப்படித்தான் போட்டிருந்தார்கள். திருப்பிப் போட்டுக்கொள்ளத் தோன்றியதில்லை. இன்றைக்கு நீலச் சேலையில் ஒருத்தி முதல் முதலாகக் கடலைப் பார்த்திருக்கிறாள். அந்த முகத்தை நயனா பாபி பார்த்துவிட்டாள். அது இனி அவருக்குக் கிடைக்காது.

மறுநாள் காலை அடுப்பு பற்றும் சத்தத்தில் கண் விழித்தார். தரு எப்போது திரும்பினாள் என்று தெரியவில்லை. டீ கொதித்துக்கொண்டிருந்தது, அவள் குளிக்கப் போயிருந்தாள். பால்கனிக் கொடியில் நீலச் சேலை. அதன் ஓரத்திலிருந்து மணல் உதிர்ந்துகொண்டிருந்தது. அவளுடைய பை திறந்து கிடந்தது. உள்ளே, துண்டில் சுற்றி, வாயில் காகிதம் அடைத்த பழுப்பு நிற பாட்டில்.

சுமந்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஏமாற்றின புருஷனுக்கு! செக்போஸ்ட்டைத் தாண்டி! பூனை குறுக்கே வந்தால் நின்றுவிடும் தரு, போலீஸ்காரன் முன்னால் இதை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்! தீபாவளிக்கு நாலு பேருமாகப் போவது, அவள் கையைத் தானே பிடித்துக்கொள்வது என்று அந்த இடத்திலேயே இன்னொரு முடிவு எடுத்தார். அவள் பட்ட பாடு வீணாகக் கூடாது. பிள்ளைகள் எழுவதற்குள் குடித்துவிடுவதுதான் மரியாதை. காகிதத்தைப் பிடுங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சாக ஊற்றிக்கொண்டார். முக்கால் பாட்டில் உள்ளே போன பிறகுதான் நாக்கு தகவல் சொன்னது.

இருமல் கேட்டு தரு ஈரத் தலையோடு ஓடிவந்தாள். பின்னாலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு ருத்வி.

"ஐயோ, அதக் குடிச்சீங்களா? செக்போஸ்ட்ல போலீஸ்காரர்கூட ஒரு சொட்டுதாங்க நக்கிப் பாத்தாரு!"

"எ... என்ன தரு இது?"

"கடல்" என்றாள். "புள்ளைங்களக் கூட்டிட்டுப் போக முடியலயே, காட்டவாவது காட்டலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

"தரு, தீபாவளிக்கு... நாலு பேரும்... சத்தியமா..."

தரு டீயைச் சாஸரில் ஊற்றி ஆற்றி அவர் கையில் கொடுத்தாள். அதற்குள் ருத்வி பாட்டிலை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போயிருந்தாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அடியில் ஆடிய நாலு விரற்கடைத் தண்ணீரை ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"அம்மா, கடல் இவ்வளவுதானா?"

"இல்லடி கண்ணு, ரொம்பப் பெரிசா இருந்துச்சு" என்றாள் தரு. "மிச்சத்தை அப்பா குடிச்சிட்டாரு."