‘ஓய்வு பெற்றவர்’ – ஒரு திருத்தக் கோரிக்கை

அகராதி அலுவலகத்தில் சொற்களைக் கட்டி மேய்க்கும் அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். உன் முதுகுவலியும் உன் மேலதிகாரியும் சற்றே தணிந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் அகராதியில் ‘ஓய்வு பெற்றவர்’ என்றால் பணிக்காலம் முடிந்து வேலையிலிருந்து விலகியவர் என்றும், ‘ஓய்’ என்றால் நிற்பது, களைப்பது என்றும் போட்டிருக்கிறீர்கள். நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துவிட்டு நான்கு மாதமாக ஓய்வு பெற்றிருப்பவன் சொல்கிறேன், அது தப்பு. ஆளைக் கூப்பிடுகிறோமே, அந்த ‘ஓய்’தான் மூலம். கண்டவரெல்லாம் ‘ஓய்’ என்று கூப்பிடும் பேறு பெற்றவரே ஓய்வு பெற்றவர்.

நேற்று ஒரு நாளை எடுத்துக்கொள். காலையில் மூன்றாம் மாடி டாக்டர் திரைச்சீலைக் கம்பி மாட்டக் கூப்பிட்டார், அதை மாட்டும்போதே மகள் போன் செய்து, அலமாரி வருகிறது, அவள் வீட்டில் போய் உட்கார வேண்டும் என்றாள், உட்கார்ந்தேன், அலமாரி வரவில்லை, திரும்பினால் உன் அக்கா மாவு மிஷினுக்கு அனுப்பினாள், எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ‘சும்மாதானே இருக்கீங்க’ என்றார்கள், மாவுத் தூக்கோடு லிஃப்டில் ஏறினால் கூடவே கீழ்வீட்டுத் தையல்காரரும் ஏறினார், இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது.

தையல்காரர் எல்லாப் பொத்தானையும் மாற்றி மாற்றி அமுக்கினார். “ஓய், நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே? ஏதாவது பண்ணக் கூடாதா?”

“நான் ஓய்வு பெற்றவன்” என்றேன்.

கதவு சரியாகப் படியவில்லை, தோளால் ஒரு அழுத்து அழுத்தினால் கிளம்பிவிடும். அழுத்தவில்லை. தூக்கைத் தலைமாட்டில் வைத்துக் காலை நீட்டினேன். நான்கு மாதத்தில் முதல் தடவையாக என்னை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது. மைத்துனா, சொர்க்கம். தையல்காரர்கூடக் கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டார்.

உன் அக்கா மேல்மாடியிலிருந்து இடுக்கு வழியாகக் குரல் கொடுத்தாள்.

“உள்ள என்ன பண்றீங்க?”

“ஓய்வு எடுக்கிறேன்.”

மேலே அவள் படியில் உட்காரும் சத்தம் கேட்டது.

“நல்லா இருக்கா?”

“ரொம்ப.”

“இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா?”

அவள் கேலி செய்வதாக நினைத்தேன். குரலில் கேலி இல்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. எழுந்து கதவை அழுத்தினேன், லிஃப்ட் கிளம்பிவிட்டது. தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆகவே அடுத்த பதிப்பில் அந்தச் சொல்லைத் திருத்து, அல்லது அடியோடு நீக்கு.

உனக்கும் உன் மனைவி மக்களுக்கும் நோய்நொடி இல்லாத நீண்ட ஆயுள் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: எதையும் திருத்த வேண்டாம், ஒன்று மட்டும் சேர். ‘ஓய்வு பெற்றவள்’ என்ற சொல்லை உங்கள் அகராதியில் தேடினேன், காணோம். பொருள் விளங்க எடுத்துக்காட்டு வேண்டுமானால் உன் வாசலில் நிற்கும் உன் அக்காவைப் பார். காலையிலேயே பெட்டியைக் கட்டிவிட்டாள். ஒரு மாதம் உன்னோடு தங்குவாளாம். இந்தக் கடிதத்தையும் அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். அவளை எந்த வேலையும் ஏவாதே. சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் கேட்டு எழுது.